எண் ஒட்டாத புத்தகம்

மகளே,

நடந்ததையெல்லாம் உள்ளது உள்ளபடி இதில் எழுதப் போகிறேன். ஒன்றைக் கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். நான் தப்புச் செய்த இடத்தையும் விடப் போவதில்லை. நீ இன்னும் பிறக்கவில்லை. நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காக, வளர்ந்துவிட்ட பிள்ளைக்குப் பெற்றோர் எழுதுவது போல ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னார் தமிழம்மா. மற்றவர்கள் எல்லாரும் வீட்டில் அம்மாவிடம் கேட்டு, அம்மா சொல்வது போலவே எழுதுகிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. சொல்வதற்கு என்னிடமே ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய ஆள் நீதான். நீ வளர்ந்து, உன் வீட்டில் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும்போது இதை எடுத்துப் படி. வீட்டு விஷயத்தை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "உள்ளதத்தான எழுதப் போற? எழுது. என்னைய மட்டும் ரொம்ப நல்லவன்னு எழுதிராத. தறிக்காரப் பயலுவ சிரிப்பானுவ" என்றார்.

தறிக்காரர் வீடு என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்பே விசைத்தறிச் சத்தம் வந்துவிடும். வீட்டின் முன்பக்கம் தறிகள் ஓடும், பின்பக்கம் நாங்கள் இருப்போம். விருந்தாளி யாராவது வந்தால் ஒவ்வொரு பேச்சுக்கும் காதைத் திருப்பிக்கொண்டு "என்னது, என்னது" என்று கத்துவார்கள். நாங்கள் கத்துவதில்லை. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். அடுப்படி வாசலில் நின்று "சோறு வெந்துட்டு" என்று அம்மா வாயை மட்டும் அசைப்பாள். தறியில் குனிந்திருக்கும் அப்பா நிமிரும் ஒரு நொடியில் அதைப் பிடித்துக்கொள்வார். சண்டை போடுவதும் அப்படித்தான். ஒரு முறை வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அம்மா இந்தக் கோடியிலும் அப்பா அந்தக் கோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். "பாயசத்துல இனிப்பே இல்ல" என்றாள் அம்மா, வாயசைவில். "ஏ, மெதுவாச் சொல்லு" என்று அப்பா வாயசைத்தார். "சத்தமே வரல, இதுல இன்னும் என்னத்த மெதுவா" என்றாள் அம்மா. நடுவில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நானும் தங்கையும் இலைமேல் குனிந்து சிரித்தோம். அப்போதெல்லாம் இது எங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைத்த ஒரு வசதி என்றுதான் நினைத்திருந்தேன்.

தங்கை பெயர் கோமதி. உனக்குச் சித்தி முறை. கோமு என்று கூப்பிடுவோம். மூன்றாம் வகுப்பு. அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தினமும் சாயங்காலம் பின்கட்டு வாசலில் எதிரும் புதிருமாக உட்காருவோம். புத்தகம் அவள் மடியில் இருக்கும். தலைகீழாக வாசிப்பது எனக்குக் கைவந்த வேலை. தறி ஓடும்போது சத்தம் போட்டுப் பயனில்லை என்பதால், சொல்லை வாயசைத்துக் காட்டுவேன். அவளும் கூடவே வாயசைப்பாள். சரியாக வாசிக்கிறாளா என்று அவள் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அக்கா மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். பாடப்புத்தகம் முழுவதும் ஒரு பிழை இல்லாமல் முடித்தாள். "எட்டி, உங்க அக்காவே உனக்கு டீச்சர்தான்" என்று அம்மாவும் சொல்லுவாள்.

அரைப் பரீட்சைக்கு முன்னால் கோமுவின் டீச்சர் அம்மாவை வரச் சொல்லி அனுப்பினார். நானும் போனேன். கோமு ஒரு வரிகூட வாசிப்பதில்லை என்றார் டீச்சர். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுல மணி மணியா வாசிக்காளே டீச்சர். பிள்ளைய அதட்டுனா எப்பிடி வாசிப்பா?" என்றாள். டீச்சர் மேசைமேல் இருந்த வேறொரு புத்தகத்தைப் பிரித்துக் கோமுவின் கையில் கொடுத்து, "வாசிம்மா" என்று தன்மையாகத்தான் சொன்னார். கோமு பக்கத்தைப் பார்த்தாள். டீச்சரின் வாயைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சுவர் ஓரமாக நின்றேன். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தைரியம் கொடுப்பதற்காக, "வாசி கோமு, பயப்படாத" என்று வாயசைத்தேன். கோமு புத்தகத்தில் விரலை வைத்து, கணீரென்று, "வாசி கோமு, பயப்படாத" என்று வாசித்தாள்.

டீச்சர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். கோமு, சரியாகச் சொல்லிவிட்டோமா என்று கேட்பது போல, சிரித்துக்கொண்டே என்னையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போல எதிரே உட்கார்ந்து வாசிக்க வைத்தேன். பாதியில், தறிப்பஞ்சு மூக்கில் ஏறியது போலத் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டேன். கோமு நின்றுவிட்டாள். துப்பட்டாவை எடுத்தேன். தொடர்ந்தாள். மறுபடி மூடினேன். மறுபடி நின்றாள். இத்தனை நாளும் அவள் வாசித்தது புத்தகத்தை இல்லை மகளே, என் உதட்டை. அவள் ஏமாற்றவும் இல்லை. வாசிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தானே ஒருவரை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தோம்.

அப்பாவுக்கு இது அவமானமாகப் போய்விட்டது. அவருக்கு ஓர் அக்கா, ராயகிரியில் இருக்கிறாள். எங்களுக்கு அத்தை. மாமா தோட்டம் பார்க்கிறார், அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கோமு என்றால் அத்தைக்கு உயிர். கோமுவை அங்கே கொண்டு விட்டு, அந்த ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். உதட்டு விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்பம் இந்த வீடுதான் காரணம்னு நீயே சொல்லுத. அதத்தான நானும் சொல்லுதேன். தறி இல்லாத வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்றார். அவளைக் காப்பாற்றப் போய் அவர் கையில் நானே ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டேன்.

"நான் சொல்லிக்கொடுக்கேன்பா. இனிமே ஒழுங்காச் சொல்லிக்கொடுக்கேன்."

"நீ சொல்லிக்கொடுத்தத்தான் பாத்தாச்சே."

"ஒரு தடவ விட்டுப் பாருங்க."

அப்பா தறியில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "பரீட்ச லீவு முடியுத சனிக்கிழம சாயங்காலம் பஸ்ஸு. அதுக்கு முன்ன அவ தானா ஒரு பக்கம் வாசிச்சு நான் என் கண்ணால பாக்கணும். இல்லைன்னா அழுது கிழுது பிரயோசனம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தறியை ஓட்டினார். அதற்குமேல் அவருக்கு நான் பேசுவது கேட்காது. கேட்க வேண்டும் என்றால் என் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் பார்க்கவில்லை.

வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் மறுபடி உதட்டுக்குத்தான் போய்விடுவாள். அதனால் லீவு விட்ட மறுநாள் அவளைக் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். நான் அடிக்கடி போகிற இடம். கோமுவுக்கு அதுதான் முதல் தடவை. உள்ளே நுழைந்து கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து இழுத்து, "அக்கா, காது ஒரு மாதிரி இருக்கு" என்றாள். பார்த்தால், சத்தமே இல்லாததுதான் அவளுக்கு அப்படி இருந்திருக்கிறது. பேப்பர் திருப்பும் சத்தம்கூடக் கேட்கும் ஓர் இடத்தில் அவள் அதுவரை இருந்ததில்லை.

சிறுவர் அலமாரியில் படப்புத்தகங்கள் இருந்தன. பக்கத்துக்கு ஒரு வரி, மீதி எல்லாம் படம். படத்தைப் பார்த்து வரியை யூகித்துச் சொன்னாள். யானை படம் இருந்தால் "யானை வந்தது" என்பாள். அதில் "யானைக்குப் பசித்தது" என்று இருக்கும். உதடு போய்ப் படம் வந்தது, அவ்வளவுதான். அதற்கு அடுத்த தட்டில் நான் படிக்கிற மாதிரிப் பெரிய கதைப் புத்தகங்கள். ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். பக்கம் முழுவதும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அவள் அதை மூடி, இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளிவிட்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஏணியில் கீழ்ப்படி இருக்கிறது, மேல்படி இருக்கிறது, நடுவில் உள்ள படிகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் எப்படி ஏறினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. தாவியிருப்பேன் போல. எல்லாருக்கும் தாவ வராது என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

நூலகர் மேசைக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி பிரித்தும் பிரிக்காமலும் கிடந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்துவிட்டார். அவர் கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிறவர். "என்னம்மா, பெட்டிக்குள்ள பூந்துருவ போலுக்கே" என்றார். "புதுப் புஸ்தகமா சார்?" என்று கேட்டேன். "புதுசுதான். இன்னும் எண் ஒட்டல, சீல் போடல. எண் ஒட்டாத புஸ்தகம் வாசலத் தாண்டாது. இங்கன உக்காந்து படிக்கதுன்னா படி. அழுக்காக்கப்பிடாது."

அதில்தான் அவை இருந்தன மகளே. நான் அதுவரை பார்த்தே இராத ஒரு வகைப் புத்தகம். சுண்டுவிரல் கனம்கூட இல்லை. ஆனால் பெரிய புத்தகத்துக்கு இருப்பது போல முதலில் பொருளடக்கம். அத்தியாயங்களுக்குத் தனித்தனித் தலைப்பு. எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டு இருந்தது. ஓர் அத்தியாயம் சில பக்கங்களில் முடிந்துவிடும். அத்தியாயத்துக்கு ஒரே ஒரு படம், அதுவும் கதையைக் காட்டிக்கொடுக்காத படம். நான் எடுத்த புத்தகத்தில் முதல் படத்தில் ஒரு டவுன் பஸ்ஸின் படிக்கட்டும் ஓர் ஆட்டின் வாலும் மட்டும்தான் இருந்தன. அதைப் பார்த்து யாராலும் எதையும் யூகிக்க முடியாது. என்ன நடந்தது என்று தெரிய வேண்டும் என்றால் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கோமு பொருளடக்கத்தைப் பார்த்து, "அத்தியாயம்னா என்னக்கா?" என்று கேட்டாள். தறியை வைத்துச் சொன்னேன்: "தறியில அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுத நாடாக்குள்ள தார்க்குச்சி இருக்குல்லா. அதுல சுத்துன நூல் தீர்ந்ததும் தறிய நிப்பாட்டி வேற குச்சி மாத்துவோம். நின்னுட்டுங்கதுக்காகத் துணி முடிஞ்சிட்டுன்னு அர்த்தமா?" கோமு இல்லை என்று தலையாட்டினாள். "அதேதான். ஒரு அத்தியாயம் ஒரு குச்சி."

நான் துப்பட்டாவால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நோயாளி மாதிரி இருப்பதாக நூலகர் சொன்னார். முதல் நாள் கோமு அழுதாள். துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "நீ மூஞ்சியக் காட்டலைன்னா வாசிக்க மாட்டேன்" என்றாள். நான் காட்டவில்லை. ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, எழுத்தைச் சேர்த்துச் சொல்லாக்கி, சொல்லைச் சேர்த்து வரியாக்கி, முதல் அத்தியாயத்துக்கே அந்தச் சாயங்காலம் முழுவதும் போனது. சந்தை நாளில் ஓர் ஆடு தானாக டவுன் பஸ்ஸில் ஏறிவிடுகிறது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "இது யார் ஆடு?" என்று கேட்கிறார். ஒருவரும் பேசவில்லை. அத்தோடு அத்தியாயம் முடிகிறது. நேரமாகிவிட்டதால் புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோமு வாய் திறக்கவில்லை. தெருமுனை வந்ததும், "அந்த ஆட்டுக்கு யாரு டிக்கெட் எடுப்பா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்த வாரத்தில் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

அடுத்துச் செய்தது தப்பு. மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு நீளமான பத்தி வந்தது. கோமு திணறினாள். சனிக்கிழமை என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. "எட்டி, சீக்கிரம் வாசி, பின்னால ஆடு டிக்கெட்டத் தின்னுரும், சிரிப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். கோமு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பம் நீயே வாசி" என்று புத்தகத்தை மூடிவிட்டு, எழுந்து போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அதற்குப் பிறகு ஒரு சொல்கூட வாசிக்கவில்லை. எங்களிடம் இருந்ததே சில நாட்கள். அதில் ஒன்றை என் வாயால் கெடுத்தேன். உன் பிள்ளைக்கு இப்படி ஒரு புத்தகம் கிடைத்தால், அடுத்து என்ன வரும் என்று உனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லிவிடாதே. அது அந்தப் பிள்ளையின் சொத்து.

வியாழக்கிழமை அப்பா பரீட்சித்துப் பார்த்தார். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்கு வந்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கோமுவின் கையில் கொடுத்து, "இத வாசி" என்றார். பத்திரிகையில் இருப்பதெல்லாம் வளைந்து வளைந்து எழுதிய அலங்கார எழுத்து, ஊர்ப்பட்ட பெயர்கள். கோமு அதைப் பார்த்தாள். அப்பா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் கண் தானாக அவர் வாய்க்குப் போனது. நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகாதே, போகாதே என்று மனசுக்குள் சொன்னேன். அப்பா பத்திரிகையைத் திரும்ப வாங்கி மடித்தார். திட்டவில்லை. அம்மாவைப் பார்த்து, வாயசைவில், "சனிக்கிழம துணிமணிய எடுத்து வையி" என்றார்.

பார்க்க மாட்டாமல் அதற்குள் அவருக்கு முதுகு காட்டித் திரும்பிவிட்ட நானே அதைச் சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன் என்றால், நேரே நின்ற கோமு பார்த்திருக்க மாட்டாளா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராயகிரிப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அப்பாவும் அம்மாவும் அவளுக்குத் தெரியக் கூடாது என்று சத்தமில்லாமலேதான் பேசியிருக்கிறார்கள். சத்தமில்லாமல் பேசினால் ரகசியம் என்று நினைத்திருக்கிறார்கள், அதுவும் எங்கள் வீட்டில். பின்கட்டுக்குப் போய்க் கோமுவிடம் கேட்டேன். "எனக்கு மொதல்லயே தெரியும்" என்றாள். "அத்தை புதுப் பை வாங்கி வச்சிருக்காவளாம். பச்சக் கலர்." அழாமல்தான் சொன்னாள். "நான் போனா ஆட்டுக்கு என்ன ஆச்சுன்னு யாரு சொல்லுவா? அது வாசலத் தாண்டாதுல்லா."

வெள்ளிக்கிழமை அவளாகவே என்னை இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பது அவசரத்தில் எனக்கு மறந்துவிட்டது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு மறுபடி போனோம். அம்மா கோமுவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா வந்து தேடுனா?" என்றாள். "லைப்ரரின்னு சொல்லுங்க" என்றேன். அம்மா கோமுவின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, மறுபடி மடிக்கக் குனிந்தாள்.

அன்று கோமு வாசித்த மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. நான் துப்பட்டாவைக் கட்டியிருந்தேன், ஆனால் அவள் ஒருமுறைகூட நிமிரவில்லை. சத்தம் போடாமல், உதடு மட்டும் அசைய, விரல் வரிக்குக் கீழே நகர்ந்தது. தடுக்கிய சொல்லுக்கு மறுபடி திரும்பி வந்து, அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். ஆடு டிக்கெட்டைத் தின்றது. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தின் முடிவில் டிக்கெட் பரிசோதகர் பஸ்ஸில் ஏறினார். கோமு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கடைசி அத்தியாயத்தைப் பிரிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிவிட்டது. நூலகர் பேப்பர்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

அப்பா வாசலில் வந்து நின்றார். கையில் துணிப் பை. வேகமாக வந்திருக்கிறார், சட்டை நனைந்திருந்தது. உள்ளே அமைதியாக இருந்ததால் அவருக்கும் சட்டென்று குரல் எழவில்லை. படியில் நின்றபடியே வாயசைத்தார்: "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கெளம்பு." கோமுவுக்கு எப்படித் தெரிந்ததோ, அவர் வாயசைத்த அந்த நொடியில் மட்டும் நிமிர்ந்தாள். அவளும் சத்தமில்லாமல், "ஒரு குச்சிதாம்பா பாக்கி. மாத்திட்டேன், ஓடிட்டு இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

ஓடிக்கொண்டிருக்கும் தறியை யாரும் பாதியில் நிறுத்த மாட்டார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்களுக்கு எதிரே இருந்த சிறுபிள்ளைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு கோமுவைப் பார்த்தார். நான் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்க்கவில்லை. அவர் முதலில் என் மூடிய வாயைப் பார்த்தார். பிறகு அவள் விரலைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பார்வை அவள் உதட்டுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அப்பா வாசித்துக்கொண்டிருந்தார் மகளே. அவள் பக்கத்தை வாசிக்க, அவர் அவளை வாசித்தார். அவள் தடுக்கிய இடத்தில் அவர் உதடும் தடுக்கியது. அவள் சொல்லைப் பிடித்ததும் அவர் மூச்சு விட்டார். பரிசோதகர் அபராதச் சீட்டு எழுதிக் கண்டக்டரிடம் நீட்டுகிறார். ஆடு கழுத்தை நீட்டி அந்தச் சீட்டையும் வாங்கித் தின்றுவிடுகிறது. கோமு அந்த வரியை முடித்ததும் அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது லைப்ரரி" என்றார் நூலகர்.

"மன்னிச்சுக்கிடுங்க. அந்த ஆடு பண்ணுத கூத்து அப்பிடி."

நூலகர் சுற்றிலும் பார்த்தார். "எந்த ஆடு? நானும் இவ்வளவு நேரமாப் பாக்கேன், யாரும் ஒண்ணும் பேசலையே."

நூலகர் தலையை ஆட்டிவிட்டு, வாசல் பக்கத்து விளக்கை அணைத்தார். பிறகு பேப்பர் படிக்கும் இடத்து விளக்கு. கோமுவின் விரல் வேகமானது. நான் எழுந்து போய் அவரிடம் கெஞ்சலாமா என்று பார்த்தேன். அதற்குள் அப்பா கையைத் தூக்கி, ஒரு நிமிடம் என்று அவருக்குச் சாடை காட்டினார். ஆட்டுக்காரச் சிறுமி கடைசி நிறுத்தத்தில் கயிற்றோடு நிற்கும் இடம் வந்தது. கோமு முற்றுப்புள்ளிமேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, "முடிஞ்சிட்டு" என்று சத்தமாகவே சொன்னாள்.

"அந்த ஆடு மொதல்ல எப்பிடிட்டி பஸ்ஸுல ஏறிச்சு?" என்று கேட்டார் அப்பா.

"அது மொத அத்தியாயத்துல. நான் சொல்ல மாட்டேன். நீங்களே வாசிங்க."

அப்பா அங்கே இருந்தே அத்தைக்குப் போன் செய்தார். "இல்லக்கா, இன்னைக்கு வரல. பஸ்ஸு போயிட்டு" என்றார். பிறகு, "அதில்லக்கா. பிள்ள வாசிக்கா. நான் பாத்தேன்" என்றார். அத்தை பச்சைப் பை வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தவள். "முழுப் பரீட்ச லீவுக்குக் கூட்டிட்டு வாரேன். புஸ்தகத்தோட வருவா" என்றார் அப்பா. அதற்கு அத்தை என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன்.

உனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உன் பிள்ளைக்குக் கீழ்ப்படியையும் மேல்படியையும் காட்டிவிட்டு, ஏறு என்று சொல்லாதே. நடுப்படி எங்கே இருக்கிறது என்று தேடு. அது கனமில்லாமல், எண்கூட ஒட்டாமல், யார் மேசைக்குக் கீழேயாவது கிடக்கும். எடுத்துக் கொடுத்த பிறகு உன் வாயை மூடிக்கொள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் எழுந்தோம். கோமு புத்தகத்தை இரண்டு கையாலும் மேசையில் வைத்தாள். அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நூலகரிடம், "இதுக்கெல்லாம் எண்ணு எப்பம் ஒட்டுவிய?" என்று கேட்டார். "திங்கக்கிழம ஒட்டிருதேன் அண்ணாச்சி. ஒட்டுனா வீட்டுக்கே கொண்டு போலாம்." "அப்பம் திங்கக்கிழம வாரோம்" என்றார் அப்பா. நூலகர் சுவரில் கையை வைத்து, எங்கள் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த கடைசி விளக்கையும் அணைத்தார்.